இருட்டில் எந்த பிலிம்? நீண்ட எக்ஸ்போஷருக்குக் கறுப்பு வெள்ளை பிலிம் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரவுப் படம் எடுக்க நான் முதலில் வாங்கியது ஐஎஸ்ஓ 400 பிலிம் (ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வேகம், அதாவது ஒளியுணர்வு). வெளிச்சம் குறைவு, ஆகவே வேகமான பிலிம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மீட்டர் ஒரு நிமிடம் என்றது. ஒரு நிமிடம் கொடுத்தேன். கழுவி எடுத்த நெகட்டிவில் (அதில் ஒளி பட்ட இடம்தான் கறுக்கும்) தெருவிளக்குகள் மட்டும் கரும்புள்ளிகளாக இருந்தன. மற்ற இடமெல்லாம் வெற்று பிலிம். சுவர், மரம், பாதை எதுவும் பதியவில்லை. மீட்டர் சொன்னது சரி, ஷட்டர் சரி, டெவலப்பர் சரி. நான்தான் பிலிமைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் போயிருந்தேன்: மங்கிய வெளிச்சத்தில், பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் பிலிமுக்கு இருப்பதில்லை.

அதன் பிறகு பிலிம் வாங்கும் விதமே மாறிவிட்டது. இப்போது நான் முதலில் பார்ப்பது ஐஎஸ்ஓ எண்ணை அல்ல. "மீட்டர் ஒரு நிமிடம் என்றால் இந்த பிலிம் உண்மையில் எத்தனை நிமிடம் கேட்கும்?" என்பதைத்தான் பார்க்கிறேன். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: நான் எடுக்கப் போகும் இடத்தில் வெளிச்சம் போதவில்லையா, அல்லது கூடுதலாக இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் தேர்வு பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

படி 1: பிலிம் ஏன் சோர்ந்துபோகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண எக்ஸ்போஷரில் நாம் நம்பும் கணக்கு எளிது. வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கு, பலன் ஒன்றுதான். 1860களில் புன்சனும் ராஸ்கோவும் சொன்ன விதி இது. ரெசிப்ராசிட்டி என்று இதைத்தான் சொல்கிறோம். ஆயிரத்தில் ஒரு வினாடியிலிருந்து ஏறத்தாழ அரை வினாடி வரை கறுப்பு வெள்ளை பிலிம்கள் இதற்குக் கட்டுப்படும். ஒரு வினாடியைத் தாண்டியதும் விதி மெல்ல விலகத் தொடங்கும். பெரும்பாலான பிலிம்களில் 10 வினாடிக்கு மேல் அதை நம்பவே முடியாது.

காரணம் பிலிமில் இருக்கும் வெள்ளி ஹாலைடு படிகங்களுக்குள் இருக்கிறது. ஒளித்துகள் ஒன்று படிகத்தில் விழும்போது ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது ஒரு வெள்ளி அயனியோடு சேர்ந்து ஒரு வெள்ளி அணுவாகிறது. ஆனால் அந்த ஒற்றை அணு நிலையானது இல்லை. சற்று நேரத்துக்குள் அடுத்த அணு துணைக்கு வராவிட்டால் அது மறுபடி கலைந்துவிடும். நான்கு அணுக்கள் போல ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் டெவலப்பர் அந்தப் படிகத்தை அடையாளம் கண்டு முழுவதையும் கறுப்பு வெள்ளியாக மாற்றும். பளிச்சென்ற வெளிச்சத்தில் துகள்கள் மழைபோல விழுவதால் இதெல்லாம் நொடிப்பொழுதில் நடந்துவிடும். இருட்டில் ஒவ்வொன்றாக வருகின்றன. இரண்டாவது வந்து சேர்வதற்குள் முதலாவது போய்விடுகிறது. ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவதைப் போல. குழாயை முழுக்கத் திறந்தால் ஓட்டை இருந்தும் குடம் நிறையும். சொட்டினால் நிறையவே நிறையாது.

இதை அளந்து சமன்பாடாக எழுதியவர் கார்ல் ஷ்வார்ஸ்சைல்ட். 1890களின் இறுதியில் வியன்னாவில் நட்சத்திரங்களின் ஒளியைத் தட்டுகளில் பதிவு செய்து அளந்துகொண்டிருந்தபோது இந்தக் குறையை நேருக்கு நேர் சந்தித்தார். கருந்துளையின் ஆரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஷ்வார்ஸ்சைல்ட்தான். நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அதற்கு ஓர் அடுக்கு போட வேண்டும் என்று அவர் கண்டார். இன்று நாம் போடும் கணக்கும் அந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான செய்தி: பிலிம் சோர்வது நேரம் நீண்டதால் அல்ல, வெளிச்சம் மங்கியதால். ஒரே படத்திலேயே விளக்கு இருக்கும் இடம் சோராது. நிழல் இருக்கும் இடம் சோரும். என் முதல் ரோலில் விளக்குகள் மட்டும் பதிந்ததற்குக் காரணம் இதுதான்.

படி 2: உங்கள் வெளிச்சம் எது என்று முடிவு செய்யுங்கள்

நீண்ட எக்ஸ்போஷர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, பகலிலோ மாலையிலோ என்டி ஃபில்டர் (நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கண்ணாடி) போட்டு அலையைப் பனிபோலவும் மேகத்தைக் கோடுகளாகவும் ஆக்குவது. இங்கே வெளிச்சம் கூடுதல். நாம்தான் அதைக் குறைக்கிறோம். நேரம் நீள்வது நமக்கு வேண்டிய ஒன்று.

இரண்டாவது, இரவில் கட்டடம், தெரு, நிலவொளியில் நிலக்காட்சி எடுப்பது. இங்கே வெளிச்சம் போதவில்லை. நேரம் நீள்வது நாம் கொடுக்கும் விலை.

ஒரே பிலிமின் ஒரே குணம் முதல் வேலையில் வசதி, இரண்டாவதில் தலைவலி. ஓர் உதாரணம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/16-ல் 1/125 வினாடி. பத்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்) என்டி ஃபில்டர் போட்டால் சுமார் 8 வினாடி. ஃபூஜி அக்ரோஸ் போட்டிருந்தால் அந்த 8 வினாடியேதான். திருத்தம் எதுவும் வேண்டாம். எஃப்பி4 பிளஸ் என்றால் 14 வினாடி. ஃபோமாபான் 100 என்றால் ஏறத்தாழ 55 வினாடி! மேகம் நகர்ந்து கோடாக 8 வினாடி போதாது. 55 வினாடி போதும். அதாவது, பகலில் "மோசமான" பிலிம் உங்களுக்கு இன்னொரு என்டி ஃபில்டரை இலவசமாகத் தருகிறது. அதே ஃபோமாபானை இரவுத் தெருவுக்குக் கொண்டுபோனால் ஒரு படத்துக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும்.

எனவே "நீண்ட எக்ஸ்போஷருக்கு எது சிறந்த பிலிம்?" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. பகலா இரவா என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

படி 3: தயாரிப்பாளரின் தாளைப் படியுங்கள்

ஒவ்வொரு பிலிமுக்கும் அதன் தயாரிப்பாளர் தொழில்நுட்பத் தாள் ஒன்று வெளியிடுகிறார். வாங்கும் முன் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான பகுதி அதில் சில வரிகள்தான் இருக்கும், ஆனால் நமக்கு அதுதான் உயிர்.

இல்ஃபோர்ட் ஒவ்வொரு பிலிமுக்கும் ஓர் அடுக்கெண் கொடுக்கிறது. மீட்டர் சொன்ன வினாடியை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிடும். எஃப்பி4 பிளஸ், டெல்டா 100 இரண்டுக்கும் 1.26. எச்பி5 பிளஸுக்கு 1.31. பான் எஃப் பிளஸுக்கு 1.33. டெல்டா 400-க்கு 1.41. ஆர்த்தோ பிளஸுக்கு 1.25. கென்ட்மியர் 100-க்கு 1.26, கென்ட்மியர் 400-க்கு 1.30. எண் ஒன்றுக்கு எவ்வளவு நெருக்கமோ திருத்தம் அவ்வளவு குறைவு. ஃபோனில் இருக்கும் கால்குலேட்டரிலேயே அடுக்குக் குறி இருக்கும். 60 வினாடியை 1.26 அடுக்குக்கு உயர்த்தினால் 174 வினாடி வரும்.

கோடக் அட்டவணையாகத் தருகிறது. டிரை-எக்ஸ் 400: மீட்டர் 1 வினாடி சொன்னால் 2 வினாடி, 10 சொன்னால் 50, 100 சொன்னால் 1200. டி-மேக்ஸ் 100: 10-க்கு 15, 100-க்கு 200. டி-மேக்ஸ் 400: 10-க்கு 15, 100-க்கு 300.

ஃபோமா பெருக்கெண்ணாகத் தருகிறது. ஃபோமாபான் 100: 1 வினாடிக்கு இரண்டு மடங்கு, 10-க்கு எட்டு மடங்கு, 100-க்கு பதினாறு மடங்கு.

ஃபூஜி நியோபான் அக்ரோஸ் 100 இந்த வரிசையில் தனி. 120 வினாடி வரை திருத்தமே வேண்டாம். அதற்கு மேல் 1000 வினாடி வரை அரை ஸ்டாப் மட்டும். 2018-ல் இதை நிறுத்தியபோது இரவுப் படக்காரர்கள் கலங்கிப்போனதற்கு இதுதான் காரணம். 2019-ல் இரண்டாம் பதிப்பாகத் திரும்ப வந்தது. அந்தக் குணமும் கூடவே வந்தது.

கோடக் தாளில் ஒரு நுட்பம் இருக்கிறது. டிரை-எக்ஸுக்கு 10 வினாடியில் "அபர்ச்சரை 2 ஸ்டாப் திற, அல்லது 50 வினாடி கொடு" என்று இருக்கும். 2 ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு, 40 வினாடி அல்லவா? பிறகு ஏன் 50? நேரத்தை நீட்டினால் அந்தக் கூடுதல் நேரமும் ஓட்டைக் குடத்தில்தான் போகிறது. அபர்ச்சரைத் திறந்தால் வெளிச்சமே பலமாகிறது, சோர்வு குறைகிறது. 100 வினாடியில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது: 3 ஸ்டாப் என்றால் 800 வினாடி, ஆனால் நேரத்தால் திருத்தினால் 1200. இரவில் குவிய ஆழம் அவசியமில்லாத காட்சி என்றால் தயங்காமல் அபர்ச்சரைத் திறந்துவிடுங்கள்.

படி 4: ஐஎஸ்ஓவை மறந்து நிமிடங்களை ஒப்பிடுங்கள்

இந்தப் படிதான் என் கண்ணைத் திறந்தது. ஒரு தாளில் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இரவுக் காட்சி ஒன்று. ஐஎஸ்ஓ 400 வைத்து அளந்தால் மீட்டர் 60 வினாடி காட்டுகிறது. ஐஎஸ்ஓ 100 வைத்தால் 240 வினாடி. இப்போது ஒவ்வொரு பிலிமும் உண்மையில் கேட்பது:

டி-மேக்ஸ் 400: சுமார் இரண்டரை நிமிடம்.
எச்பி5 பிளஸ்: சுமார் மூன்றரை நிமிடம்.
டெல்டா 400: சுமார் 5 நிமிடம் 20 வினாடி.
அக்ரோஸ் 100: 5 நிமிடம் 40 வினாடி, தாராளமாக 6 என்று வையுங்கள்.
டிரை-எக்ஸ் 400: ஏறத்தாழ 10 நிமிடம்.
எஃப்பி4 பிளஸ்: 16 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

டிரை-எக்ஸுக்கும் அக்ரோஸுக்கும் இடையில் என்ன நடந்தது பாருங்கள். பெட்டியில் நான்கில் ஒரு பங்கு வேகம் போட்டிருக்கும் பிலிம், இருட்டில் முந்திவிட்டது. கிரெயினும் (படத்தில் தெரியும் வெள்ளித் துகள்) அதில் நுணுக்கம். காட்சி இன்னும் இருண்டால் எச்பி5 பிளஸையும் அது பிடித்துவிடும்: ஐஎஸ்ஓ 400-ல் மீட்டர் 4 நிமிடம் காட்டினால் எச்பி5 பிளஸ், அக்ரோஸ் இரண்டுமே ஏறத்தாழ 22 நிமிடம் கேட்கும்.

டெல்டா 400-ஐயும் கவனியுங்கள். தட்டையான டேபுலர் கிரெயின் உள்ள நவீன பிலிம்கள் எல்லாமே இருட்டில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். டி-மேக்ஸ் விஷயத்தில் அது உண்மை. டெல்டா 400 அதே குடும்பம்தான், ஆனால் பழைய பாணிக் கிரெயின் உள்ள எச்பி5 பிளஸிடம் தோற்கிறது. பொது விதியை நம்பாதீர்கள், அந்தந்தப் பிலிமின் எண்ணைப் பாருங்கள்.

என் தேர்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவுக்கு அக்ரோஸ் கிடைத்தால் அக்ரோஸ், இல்லையென்றால் டி-மேக்ஸ் 100. ஆள் நடமாட்டம், காற்றில் ஆடும் கிளை என்று நேரத்தைச் சுருக்க வேண்டிய இடங்களில் டி-மேக்ஸ் 400. பகலில் தண்ணீருக்கும் மேகத்துக்கும் எஃப்பி4 பிளஸ். ஒரே பிலிம் மட்டும் வைத்துக்கொண்டு எல்லாம் செய்ய வேண்டும் என்றால் டி-மேக்ஸ் 100.

பான் எஃப் பிளஸைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஐஎஸ்ஓ 50, மிக நுணுக்கமான கிரெயின், பகல் வெயிலில் தண்ணீருக்கு அருமையானது. முன்பு சொன்ன அதே வெயிலில், பத்து ஸ்டாப் ஃபில்டரோடு, திருத்தம் சேர்த்து 40 வினாடி கிடைத்துவிடும். ஆனால் இயல்பிலேயே கான்ட்ராஸ்ட் கூடுதல். அப்புறம், எடுத்த பிம்பத்தை இது நீண்ட நாள் பத்திரமாக வைத்திருக்காது; எடுத்த மூன்று மாதத்துக்குள் கழுவச் சொல்கிறது இல்ஃபோர்ட். ரோலைப் பாதியில் விட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

படி 5: கான்ட்ராஸ்ட் ஏறும், அதையும் கணக்கில் எடுங்கள்

நிழல் சோர்கிறது, விளக்கு சோரவில்லை. நிழலுக்காக நேரத்தை நீட்டினால் விளக்குக்கும் அதே கூடுதல் நேரம் போய்ச் சேர்கிறது. விளைவு, நிழல் ஒரு வழியாகத் தேறும்போது விளக்கைச் சுற்றிய பகுதி அடர்ந்து கட்டியாகிவிடும். திருத்தம் அதிகம் கேட்கும் பிலிமில் இந்தச் சிக்கலும் அதிகம். இரவு நகரத்துக்கு அடுக்கெண் குறைந்த பிலிமைத் தேடுவதற்கு நேரத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய காரணம். இருபது நிமிடம் நிற்பதில் சிரமம் இல்லை. அச்சிட முடியாத நெகட்டிவோடு திரும்புவதுதான் வலி.

தீர்வு டெவலப் செய்யும்போது இருக்கிறது. டிரை-எக்ஸுக்குக் கோடக் தெளிவாகவே சொல்கிறது: 1 வினாடி எக்ஸ்போஷருக்கு டெவலப் நேரத்தை 10 சதவீதம் குறை, 10 வினாடிக்கு 20 சதவீதம், 100 வினாடிக்கு 30 சதவீதம். மற்ற பிலிம்களுக்கு இரவுக் காட்சியில் 15 சதவீதம் குறைத்துத் தொடங்குவது என் வழக்கம். ஒரே ரோலில் பகல் படமும் இரவுப் படமும் கலந்தால் இந்த வழி அடைபடும். நீண்ட எக்ஸ்போஷருக்கென்று ஒரு ரோலை ஒதுக்கி வையுங்கள்.

ரோடினால் என்ற டெவலப்பரை 1+100 (ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர்) கலந்து, அசைக்காமல் ஒரு மணி நேரம் வைக்கும் ஸ்டாண்ட் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். விளக்குகளை அது அடக்கும், உண்மைதான். ஆனால் நீண்ட எக்ஸ்போஷர் படத்தில் பாதி இடம் வழவழப்பான வானமும் தண்ணீரும். அசைக்காத டெவலப்பர் விடும் கோடும் மேடு பள்ளமும் அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். நான் நேரத்தைக் குறைத்து, வழக்கம்போல் அசைத்துக் கழுவுவதையே விரும்புகிறேன்.

கிரெயின் தேர்வும் இதே வழவழப்பால்தான் முடிவாகிறது. இலை, கல், கூட்டம் நிறைந்த படத்தில் கிரெயின் ஒளிந்துகொள்ளும். ஒரு நிமிடத்தில் மெழுகான கடலில் ஒளிய இடமே இல்லை. 35 மிமீ கேமரா என்றால் ஐஎஸ்ஓ 100-க்கு மேல் போக எனக்கு மனம் வராது. அதைவிடப் பெரிய ஃபிரேம் கிடைக்கும் 120 பிலிமில் ஐஎஸ்ஓ 400 கூட நன்றாக இருக்கும்.

படி 6: நிற உணர்வையும் விளக்கொளிவட்டத்தையும் பாருங்கள்

கறுப்பு வெள்ளை பிலிம்கள் எல்லாம் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஆர்த்தோ பிளஸ் போன்ற ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பைப் பார்ப்பதே இல்லை. பகலில் அதன் வேகம் ஐஎஸ்ஓ 80, மஞ்சள் சாய்ந்த டங்ஸ்டன் விளக்கில் 40 ஆகிவிடும். அடுக்கெண் 1.25 என்று ஆசைப்பட்டு இரவுத் தெருவுக்கு எடுத்துப்போனால் அங்கேயே ஒரு ஸ்டாப் போய்விடும். பகலில் கடலுக்கு, கல்லுக்கு, பழைய காலத் தோற்றம் வேண்டும் என்றால் அழகான பிலிம்.

அக்ரோஸ் நடுவில் இருக்கிறது. சிவப்பைப் பார்க்கும், ஆனால் மற்ற பிலிம்களைவிடக் குறைவாக. வானத்தைக் கறுக்க வைக்க சிவப்பு ஃபில்டர் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வழக்கமான மூன்று ஸ்டாப்பைவிட அரையோ ஒன்றோ கூடுதலாகக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். ஆரஞ்சு ஃபில்டர் என்றால் இவ்வளவு கவலை இல்லை.

இரவு நகரத்துக்கு இன்னொன்று. பலமான விளக்கொளி எமல்ஷனை (வெள்ளிப் படிகங்கள் இருக்கும் படலம்) கடந்து, பின்னால் இருக்கும் பிலிம் அடித்தளத்தில் மோதித் திரும்பி வந்து விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் போடும். இதைத் தடுக்கத்தான் பெரும்பாலான பிலிம்களில் ஒளியை விழுங்கும் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு இல்லாத, அல்லது நீக்கப்பட்ட பிலிம்களில் ஒவ்வொரு விளக்கும் பூவாய் விரியும். சிலருக்கு அதுதான் வேண்டும். கூர்மையான கட்டடக்கலைப் படம் வேண்டும் என்றால் அந்த வகையைத் தவிருங்கள்.

படி 7: வாங்கிய பிலிமைச் சோதியுங்கள்

தாளில் இருக்கும் எண் நல்ல தொடக்கம், ஆனால் உங்கள் ஷட்டர், உங்கள் டெவலப்பர், உங்கள் மீட்டர் பழக்கம் எல்லாம் சேர்ந்த எண் வேறாக இருக்கலாம். ஒரு மாலை போதும்.

வீட்டுக்குள் மாறாத வெளிச்சத்தில் ஒரு காட்சியை அமையுங்கள். வெள்ளைத் துணி, சாம்பல் நிறப் பொருள், கரிய துணி மூன்றும் இருக்கட்டும். ட்ரைபாட். எஃப்/2-ல் மீட்டர் கால் வினாடி காட்டும்படி விளக்கைத் தள்ளி வையுங்கள். முதல் படம் அந்தக் கால் வினாடி. இதில் சோர்வு இல்லை, இதுவே உங்கள் அளவுகோல். அடுத்து எஃப்/16-க்குப் போங்கள். ஆறு ஸ்டாப் குறைந்தது, மீட்டர் கணக்கில் 16 வினாடி. இதில் 16, 24, 32, 64 வினாடி என்று நான்கு படம். பிறகு மூன்று ஸ்டாப் என்டி போட்டு, மீட்டர் கணக்கில் 128 வினாடி ஆகிறது அல்லவா, அதில் தாளில் சொன்ன நேரம் ஒன்று, அதில் பாதி ஒன்று, இரட்டிப்பு ஒன்று.

எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கழுவி, ஒளிப்பெட்டியில் வைத்துக் கரிய துணியை மட்டும் பாருங்கள். அளவுகோல் படத்தில் அந்தத் துணியின் மடிப்பு எவ்வளவு தெரிகிறதோ, அதே அளவு எந்தப் படத்தில் தெரிகிறதோ அதுதான் உங்கள் நேரம். அதே படத்தில் வெள்ளைத் துணி எவ்வளவு அடர்ந்துவிட்டது என்று பார்த்தால் டெவலப் நேரத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கிடைத்த எண்களை ஓர் அட்டையில் எழுதி கேமராப் பையில் வையுங்கள். எஃப்பி4 பிளஸுக்கு என் அட்டை தாளில் உள்ளபடிதான் இருக்கிறது: 4-க்கு 6, 8-க்கு 14, 15-க்கு 30, 30-க்கு 73, 60-க்கு 174, 120-க்கு 417. இருட்டில் விரல் விறைக்கும்போது கால்குலேட்டர் தேட வேண்டாம்.

படி 8: களத்தில் கணக்கின் வரிசை

திருத்தத்தை எப்போதும் கடைசியில் போடுங்கள். இதில் பலர் தடுமாறுகிறார்கள். ஃபில்டர் இல்லாமல் அளக்கவும். நிற ஃபில்டரின் ஸ்டாப்பைச் சேர்க்கவும். என்டியின் ஸ்டாப்பைச் சேர்க்கவும். பெல்லோஸ் (லென்ஸை முன்னே நீட்டும் துருத்தி) உள்ள கேமரா என்றால், அதை நீட்டுவதால் குறையும் ஒளிக்கான ஸ்டாப்பையும் சேர்க்கவும். வந்த நேரத்துக்குத்தான் ரெசிப்ராசிட்டி திருத்தம்.

அந்திப்பொழுதில் எஃப்பி4 பிளஸ், மீட்டர் கால் வினாடி. சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப், 2 வினாடி. ஆறு ஸ்டாப் என்டி, 128 வினாடி. இப்போது திருத்தினால் 450 வினாடி, அதாவது ஏழரை நிமிடம். "கால் வினாடிதானே, திருத்தமே வேண்டாம்" என்று முதலிலேயே முடிவு செய்திருந்தால் 128 வினாடியில் மூடியிருப்பீர்கள். கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் நிழல் போயிருக்கும்.

அந்த ஏழரை நிமிடத்தில் வானம் இருண்டுகொண்டே வரும் என்பதையும் மறக்க வேண்டாம். மாலையில் நான் இன்னும் இரண்டு நிமிடம் கூட்டுவேன், விடியலில் குறைப்பேன். நான்கு நிமிடத்தில் இருபது வினாடி தவறினால் ஒன்றும் ஆகாது. ஒரு ஸ்டாப் என்பது நேரத்தை இரட்டிப்பாக்குவது. சந்தேகம் வந்தால் கூடுதலாகக் கொடுங்கள்.

பிலிம் சார்ந்த ஒரு சிறு விஷயம்: 120 ரோல் சுருளிலிருந்து வந்த பிறகு மெல்லத் தளர்ந்து மேடாகும். எடுப்பதற்குச் சற்று முன்புதான் அடுத்த ஃபிரேமுக்குச் சுற்றுங்கள். எஸ்எல்ஆர் என்றால் அளக்கும்போது வியூஃபைண்டரை மூடுங்கள். பின்னாலிருந்து வரும் ஒளி மீட்டரை ஏமாற்றும். ஷட்டரைத் திறந்து வைக்க பேட்டரி கேட்கும் கேமராவாக இருந்தால் கூடுதல் பேட்டரி எடுத்துப்போங்கள்.

படி 9: மணிக்கணக்கில் போகிறவர்களுக்கு

நிலவொளியில் தொடங்கி நட்சத்திரக் கோடுகள்வரை போனால் மேலே சொன்ன தேர்வு மறுபடி தலைகீழாகிறது.

முழு நிலவில் நிலக்காட்சிக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/5.6-ல் 2 நிமிடம் ஒரு நல்ல தொடக்கப் புள்ளி. அக்ரோஸில் அப்படியே 2 நிமிடம். எஃப்பி4 பிளஸில் ஏழு. இங்கே வரை அக்ரோஸ்தான் ராஜா.

ஆனால் நட்சத்திரங்கள் கோடாக வேண்டும் என்று இரண்டு மணி நேரம் திறந்து வைக்கும்போது பிரச்சினை வேறு. நட்சத்திரம் பிலிமின் மேல் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் கோடு எவ்வளவு பிரகாசமாகும் என்பதை நேரம் தீர்மானிப்பதில்லை, அபர்ச்சர்தான் தீர்மானிக்கும். நேரம் கூடக்கூட ஏறுவது பின்னால் இருக்கும் வானத்தின் மங்கிய வெளிச்சம். சோராத பிலிம் அதை விடாமல் சேர்த்துக்கொண்டே போய் வானத்தைச் சாம்பலாக்கும். சோரும் பிலிம் அதைக் கசியவிடும். வானம் கறுப்பாகவே நிற்கும், நட்சத்திரக் கோடு மட்டும் பளிச்சிடும். நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் மைக்கேல் கென்னா இரவு முழுக்க, சில சமயம் 10 மணி நேரம்வரை ஷட்டரைத் திறந்து வைத்து எடுப்பவர். அவர் நீண்ட காலமாக நம்பியது டிரை-எக்ஸை. படி 4-ல் கடைசிக்கு முந்தைய இடத்தில் நின்ற அதே பிலிம்.

அவ்வளவு நீண்ட நேரத்துக்கு எந்த அட்டவணையும் உதவாது. டிரை-எக்ஸில் எஃப்/4 வைத்து, நிலவில்லாத இரவில், ஒரு மணி நேரம் ஒன்று, மூன்று மணி நேரம் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து வானத்தின் அடர்த்தியை ஒப்பிடுங்கள். லென்ஸில் பனி படியாமல் இருக்க முன்பக்கம் ஒரு ஹூடும் அதைச் சுற்றி ஒரு துணியும் கட்டிவிடுங்கள். நேரம், அபர்ச்சர், நிலவு இருந்ததா, தெருவிளக்கு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். பிலிம் தன்னோடு எந்தக் குறிப்பையும் சேர்த்து வைப்பதில்லை. அடுத்த முறை அதே பிலிமை வாங்கும்போது கையில் இருக்கப்போவது அந்த நோட்டு மட்டும்தான்.